ஐஸ்காரி ஒடீலும் இரண்டு நோரீன்களும்

ஒடீல் கித்ரி மெதுவாகப் பேசி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. அதற்காக அவளைக் குறை சொல்லவும் முடியாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு இறால் துறையில் ஐஸ் கொட்டும் வேலைக்கு வந்தவள். பாளம் பாளமாக ஐஸை நொறுக்கும் அந்த இயந்திரத்தின் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவர் காதில் ஒரு சொல் விழவேண்டுமென்றாலும் அடிவயிற்றிலிருந்து கத்தியாகவேண்டும். தும்பிக்கை மாதிரி தடித்த ஒரு ரப்பர் குழாயை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கீழே வந்து நிற்கிற விசைப்படகின் வயிற்றுக்குள் ஐஸைப் பீய்ச்சி அடிப்பாள். "போதுமா?" என்று அவள் கேட்டால், படகுக்காரன் வாய் திறப்பதற்குள் ஓடையின் மறுகரையில் துணி காயப்போடுகிறவர்கள், "போதும் மிஸ் ஒடீல்!" என்று பதில் குரல் கொடுப்பார்கள்.

லூசியானாவின் தெற்கு நுனியில், நிலம் முடிந்து கடல் தொடங்குவது எங்கே என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாத சதுப்பில், பாயு மெர்லான் என்கிற ஓடையும் அதை ஒட்டிப் போகும் ஒற்றைச் சாலையும்தான் எங்கள் ஊர். நான் மிர்ட்டிஸ். அதே துறையில் இறாலைப் பருமன் பார்த்துப் பிரிக்கும் மேசையில் நிற்பவள். ஒடீலுக்கு எதிர்வீடு.

ஒடீலின் கணவர் க்ளோவிஸ் அவளுக்கு நேர் எதிர். ஒரு நாளைக்கு அவர் பேசுகிற சொற்களை ஒரு காபிக் கோப்பையில் அடக்கிவிடலாம். அவருக்கு இளம்வயதில் ஒரு முதல் கல்யாணம் நடந்து, இரண்டு வருஷத்தில் முறிந்தது. அந்த முதல் மனைவியின் பெயர் நோரீன். பாலத்துக்குப் பக்கத்தில் தூண்டில் இரையும் மளிகையும் விற்கும் கடை அவளுடையது. ஒரே சாலை உள்ள ஊரில் இரண்டு பெண்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் வாழ்வது சாதாரணக் காரியமில்லை. இவர்கள் பல வருஷங்களாக அதைச் சாதித்துக் காட்டினார்கள். ரொட்டி வாங்கக்கூட ஒடீல் அரைமணி நேரம் வண்டி ஓட்டி வடக்கே டவுனுக்குப் போவாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சபலம். அரிசியும் பன்றிக்கறியும் குடலில் அடைத்து வேகவைப்பதை நாங்கள் பூதான் என்போம். நோரீன் கடைப் பூதானுக்கு இந்தப் பக்கத்தில் ஈடு கிடையாது. சனிக்கிழமைகளில் ஒடீல் என் கையில் காசைத் திணித்து, "மிர்ட், உனக்குன்னு சொல்லி வாங்கிட்டு வா," என்பாள். நோரீன் காகிதத்தில் சுற்றிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்ப்பாள்.

"இவ்வளவும் உனக்கா?"

"எனக்குத்தான்."

"ஒத்தை ஆளா இவ்வளவு தின்னுட்டு நீ குச்சி மாதிரி இருக்கே, அந்த ஐஸ்காரி பீப்பாய் மாதிரி இருக்கா. என்ன மாயமோ!"

க்ளோவிஸின் படகிலும் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் படகுக்குப் பெண்டாட்டி பெயரை வைப்பது வழக்கம். முதலில் அதன் பெயர் 'மிஸ் நோரீன்'. பிறகு அதன் மேல் வெள்ளை அடித்து 'மிஸ் ஒடீல்' என்று எழுதினார். ஆனால் பலகை நனைந்தால் பழைய எழுத்து உள்ளிருந்து எட்டிப்பார்க்கும். வருஷாவருஷம் ஒடீல் தானே தூரிகை எடுத்துப் புதிதாகப் பூசுவாள். வருஷாவருஷம் மழையும் வரும்.

இப்படி இருக்கையில்தான் ஒரு செப்டம்பரில் வளைகுடாவில் புயல் திரண்டது. துறைச் சுவரில் தொங்கும் டிவியில் அதற்கு வைத்த பெயர் வந்ததும், மேசையைச் சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒடீலைத் திரும்பிப் பார்த்தோம்.

புயலின் பெயர் நோரீன்.

"மிஸ் ஒடீல்," என்று ஒரு படகுக்காரன் ஆரம்பித்தான், "உங்க வீட்டுக்காரரோட பழைய சம்சாரம் வர்றாங்களாம். வீட்டைக் கூட்டிப் பெருக்கி வெச்சீங்களா?"

"வரட்டுமே!" என்றாள் ஒடீல், ஐஸ் இயந்திரத்தையும் மீறி. "வந்தா எத்தனை நாள் தங்கிடப்போறா? முன்னாடி வந்தவ ரெண்டு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கலையே!"

துறையே குலுங்கிச் சிரித்தது. சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு பாலம்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் காலையில் நோரீன் கடை வாசலில் ஓர் அட்டை தொங்கியது: 'கடை திறந்திருக்கிறது. புயல் வேறு, நான் வேறு. ஆனால் இரண்டு பேரையும் கோபப்படுத்தாதீர்கள்.'

சிரிப்பு அந்த வாரத்தோடு தீர்ந்துபோனது. புயல் நேராக எங்களைப் பார்த்துத் திரும்பியது. ஊரைக் காலிசெய்யச் சொல்லி உத்தரவு வந்தது. ஓடை கடலில் சேரும் இடத்தில் உள்ள பெரிய இரும்புக் கதவை மூடினார்கள். ஊரைச் சுற்றி மண்ணால் எழுப்பிய வெள்ளக்கரையும் அந்தக் கதவும்தான் கடலுக்கும் எங்களுக்கும் நடுவில். கார்கள் மெத்தைகளையும் நாய்களையும் ஏற்றிக்கொண்டு வடக்கே வரிசைகட்டின. படகுக்காரர்கள் மட்டும் போகமாட்டார்கள். படகை விட்டுப் போனால் திரும்பி வந்து எதை வைத்துப் பிழைப்பது? க்ளோவிஸ் தங்கினார். அவர் தங்கியதால் ஒடீல் தங்கினாள். என் கார் கிளம்ப மறுத்ததால் நானும் தங்கினேன். ஒடீலின் வீடு உயரமான தூண்கள் மேல் நிற்பது. "என்னோட வந்து இரு மிர்ட். செத்தா கூட்டமாச் சாவோம், பேச்சுத்துணையாவது இருக்கும்," என்றாள்.

புயல் காலையில் தொடங்கியது. முதலில் மழை கிடைமட்டமாக வந்து சுவரில் கல்லெறிந்தது. பிறகு காதுக்குள் அடைத்தது, விமானம் இறங்கும்போது அடைக்குமே, அப்படி. கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் தானாக அலையடித்தது. தூண்கள் மேல் நின்ற வீடு, நங்கூரம் போட்ட படகு மாதிரி அசைந்தது. எதிரே என் வீட்டுக் கூரைத் தகரம் மத்தி மீன் டப்பாவைத் திறப்பதுபோலச் சுருண்டு, பிய்ந்து, வானத்தில் பறந்தது. நான் அழ ஆரம்பித்தேன். ஒடீல் என்னை இழுத்துத் தன் பக்கம் உட்காரவைத்தாள்.

"அடியே நோரீன்!" என்று கூரையைப் பார்த்து அவள் கத்தினாள். "ஊதுடி! இன்னும் ஊது! உன் பூதானுக்கு ஆசைப்பட்டு நான் பட்ட பாட்டுக்கு இதெல்லாம் ஒரு பாடா?"

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அப்போதுதான் ஜன்னல் பலகை ஒன்று உடைந்து உள்ளே வந்தது. அதைத் தடுக்கப் பாய்ந்த க்ளோவிஸின் வலது உள்ளங்கை மணிக்கட்டுவரை கிழிந்தது. ஒடீல் தலையணை உறையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். அவர் காயத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"தண்ணி," என்றார்.

பின்பக்கக் கரையைத் தாண்டிக் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. உருண்டு திரண்ட கோரைப்புல்லும் நண்டுக்கூண்டுகளும் யாரோ ஒருவருடைய கொல்லைப்புற ஊஞ்சலுமாக, பழுப்பு நிறத்தில், அவசரமில்லாமல், நிற்காமல் வந்தது. சாலை மறைந்தது. தபால் பெட்டிகள் மறைந்தன. வீட்டுக்கு அடியில் கட்டியிருந்த அவர்களுடைய தட்டையடி அலுமினியப் படகு கயிற்றோடு மேலே மேலே ஏறி, வாசற்படியில் வந்து முட்டியது, 'நான் தயார்' என்று சொல்வதுபோல.

மதியத்துக்கு மேல் காற்று இளைத்தது. அந்த நேரத்தில்தான் மேசைமேல் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. மிஸ்டர் லாமின் குரல். அவர் வியட்நாமிலிருந்து வந்து எங்கள் ஓடையிலேயே ஊன்றிப்போனவர். ஊரிலேயே பெரிய இரும்புப் படகு அவருடையது. மேல்கரையில் கருவாலி மரங்களோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

"யாராவது இருக்கீங்களா? பாலத்துப் பக்கம் கடைக் கூரைமேல ஒரு அம்மா சிவப்புத் துணியை ஆட்டுறாங்க. என் படகு பெருசு, அங்க வராது. சின்னப் படகு யார்கிட்ட இருக்கு?"

பாலத்துப் பக்கம் கடை என்றால் ஒன்றுதான்.

க்ளோவிஸ் எழுந்தார். ஒடீல் அவர் தோளில் கைவைத்து உட்காரவைத்தாள்.

"எங்க கிளம்பிட்டே? ஒத்தைக் கையால மோட்டார் கயிறு இழுப்பியா? ஒத்தைக் கையால அவளைத் தூக்குவியா? நான் போறேன்."

"ஒடீல்..."

"பேசாதே. இத்தனை வருஷமாப் பேசலை, இப்பத்தான் பேச்சு வருதாக்கும். மிர்ட், ஏறு படகுல."

என்னை ஏன் சேர்த்துக்கொண்டாள் என்று இன்றைக்கும் தெரியாது. ஏறிவிட்டேன்.

தினமும் நடந்துபோகிற சாலைக்கு மேலே மிதந்துபோனோம். 'நில்' என்று எழுதிய எட்டுமூலைப் பலகை தண்ணீருக்கு மேல் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஒடீல் அதற்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு நிற்காமல் போனாள். அறுந்த மின்கம்பி தொங்கிய இடத்தில் இருவரும் படகின் அடியோடு படுத்துக்கொண்டோம். செவ்வெறும்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஒரு பாய் அளவுக்கு மிதந்து வந்தன. படகில் ஒட்டிவிட்டால் எங்களைத் தின்றே தீர்த்துவிடும். நான் துடுப்பால் தள்ளித் தள்ளி விலக்கினேன். ஒருமுறை மோட்டார் விசிறியில் நண்டுக்கூண்டுக் கயிறு சிக்கி நின்றுபோக, படகு சுழன்று சுழன்று பாலத்தை நோக்கி இழுபட்டது. ஒடீல் படகின் பின்முனையில் குப்புறக் கவிழ்ந்து, தண்ணீருக்குள் தோள்வரை கைவிட்டு, கத்தியால் அறுத்தாள். "புடிச்சுக்கோ என் காலை!" என்றாள். பிடித்துக்கொண்டேன். கயிறு அறுந்தது, மோட்டார் உறுமியது, பாலத்தின் இரும்புக் கம்பி என் காதை உரசிக்கொண்டு போனது.

கடைக் கூரையின் முகட்டில், ஒரு மேசை விரிப்பைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு நோரீன் குதிரையேறியவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய ஐஸ் பெட்டி. மடியில் கடையின் மோட்டார் ரம்பம்.

வருவது யார் என்று தெரிந்ததும் அவள் கை ஆட்டுவதை நிறுத்தினாள்.

"நீயா?"

"வேற யாரு வருவான்னு நெனச்சே? ஹெலிகாப்டரா?"

"க்ளோவிஸ் எங்கே?"

"கை கிழிஞ்சு உக்காந்திருக்கார். இறங்கு சீக்கிரம்!"

"கத்தாதே, எனக்குக் காது நல்லாக் கேக்கும். முதல்ல என்னை விடு. அங்க கேளு."

மோட்டாரை அணைத்தோம். காற்றின் ஊளைக்கு நடுவே, டொக்... டொக் என்று ஒரு சத்தம். நோரீன் கையை நீட்டினாள். கடைக்குப் பின்னால் நோங்க் அல்சீட்டின் வீடு கூரை விளிம்புவரை முழுகியிருந்தது. வயதான ஆண்களை நாங்கள் நோங்க் என்றுதான் கூப்பிடுவோம், மாமா என்பதுபோல. தொண்ணூறைத் தொட்ட மனிதர், தனியாக இருப்பவர்.

"பரண்ல மாட்டிக்கிட்டாரு," என்றாள் நோரீன். "ரொம்ப நேரமாத் தட்டுறாரு. இப்பத் தட்டுறது குறைஞ்சிடுச்சு."

நோரீன் ரம்பத்தோடு படகுக்குள் சறுக்கி இறங்கினாள். இறங்கும்போது ஐஸ் பெட்டியையும் ஒரு கையால் இழுத்துக்கொண்டாள், அதை மட்டும் விடவில்லை. அந்தக் கூரையில் படகை முட்டி நிறுத்தினோம். ஒடீல் கூரைப் பலகையில் வாயை வைத்து, "நோங்க் அல்சீட்! எந்தப் பக்கம் இருக்கீங்க? தட்டுங்க!" என்று கத்தினாள். புயலுக்கே கேட்டிருக்கும். இடதுபக்கம் மெல்ல ஒரு தட்டு.

"வலது மூலைக்குப் போயிடுங்க! வெட்டப் போறோம்!"

நோரீன் ரம்பத்தின் கயிற்றை இழுத்தாள். கூரை மழையில் வழவழவென்று இருந்தது. அவள் கால் வழுக்கியபோதெல்லாம், ஒடீல் அவளுடைய இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் காலைப் புகைபோக்கியில் முட்டுக்கொடுத்து நின்றாள். ஐஸ் குழாயைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்திருந்தாள். மரத்தூள் மழையில் சேறாகி இருவர் முகத்திலும் அப்பியது. பலகை ஒன்று உள்ளே விழுந்தது. அந்தத் துவாரத்திலிருந்து முதலில் ஒரு சுத்தியல் வெளியே வந்தது. பிறகு நோங்க் அல்சீட்டின் வழுக்கைத் தலை.

"யாரு என் கூரையை வெட்டினது?" என்றார். "போன வருஷம்தான் புதுசாப் போட்டேன்!"

ஒடீலும் நோரீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவரும் ஒரே நேரத்தில் எதிரே இருப்பவளைச் சுட்டிக்காட்டி, "இவதான்!" என்றார்கள்.

கிழவரைப் படகில் போட்டதும் நோரீன் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வரிசையாகப் பூதான். ஒன்றை எடுத்து ஒடீலிடம் நீட்டினாள்.

"தின்னு. இனிமே இதுக்கு மிர்ட்டிஸை அனுப்பவேண்டாம்."

ஒடீல் என்னை முறைத்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

வெளிச்சம் இருந்தவரை நாங்கள் நிறுத்தவில்லை. ஒடீல் கத்துவாள், மோட்டாரை அணைப்பாள், மூவரும் மூச்சைப் பிடித்துக் காதுகொடுப்போம். எங்கிருந்தாவது ஒரு பாத்திரம் தட்டும் சத்தம் வரும், அல்லது ஒரு நாய் குரைக்கும். மாடித் தாழ்வாரத்திலிருந்து ஒரு குடும்பத்தை இறக்கினோம். மரக்கிளையில் மாட்டிய லாரியின் கூரையிலிருந்து இரண்டு அண்ணன் தம்பிகளை எடுத்தோம். எல்லோரையும் மிஸ்டர் லாமின் இரும்புப் படகில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவர் மனைவி ஹான் அண்டா நிறைய இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சி காய்ச்சி, ஏறி வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிண்ணத்தைத் திணித்தாள். நாங்கள் மட்டுமில்லை. ஓடையில் தங்கியிருந்த ஒவ்வொரு படகுக்காரனும் அன்று அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. மேல்தளத்தில் கால் வைக்க இடமில்லை. ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை என்று தெரிந்தபோது அந்தப் படகில் எழுந்த கூச்சல் இருக்கிறதே!

ஆனால் தண்ணீர் போகவில்லை. புயல் வடக்கே போய்விட்டது, கடல் தன் மட்டத்துக்கு இறங்கிவிட்டது, உள்ளே மட்டும் தண்ணீர் அப்படியே நின்றது. கடலை வெளியே நிறுத்தக் கட்டிய கரையே இப்போது கடலை உள்ளே பிடித்து வைத்திருந்தது. அந்த இரும்புக் கதவைத் திறந்தால்தான் வடியும். கதவைத் திறக்கும் மோட்டார் தண்ணீருக்கடியில் கிடந்தது. வடக்கே சாலை அறுந்துவிட்டது, போனும் இல்லை.

காலையில் எல்லோரும் சின்னச் சின்னப் படகுகளில் கதவருகே கூடினோம். இரண்டு இரும்பு இலைகள், கடல் பக்கம் திறப்பவை. நடுவில் மனித உடம்பு தடிமனில் ஒரு குறுக்குத் தாழ். அதன் இரண்டு முனையும் கொக்கிகளில் உட்கார்ந்திருந்தன. இரண்டு முனையையும் ஒரே சீராகத் தூக்கினால் தாழ் வெளியே வரும். ஒரு முனை முந்தினால் இறுகிக்கொள்ளும்.

"யாரையும் கேக்காம இதைத் திறக்கலாமா?" என்று யாரோ தயங்கினார்கள்.

"யாரைக் கேக்கணுமோ அவரைக் கூட்டிட்டு வா," என்றாள் ஒடீல். "உன் வீட்டு அடுப்படியில, இடுப்பளவு தண்ணியில உக்காரவெச்சு நானே கேக்கறேன்."

க்ளோவிஸும் மிஸ்டர் லாமும் வரைபடம் எதுவும் போடவில்லை. ஆளுக்கொரு பக்கம் படகைக் கொண்டுவந்து, பின்னால் கரைமேல் இருந்த கல்தூண்களில் கட்டினார்கள். தாழின் ஒரு முனைக்கு ஒரு படகின் வின்ச் கம்பி, மறுமுனைக்கு இன்னொன்று. வலை தூக்குகிற வின்ச் இன்றைக்கு இரும்பைத் தூக்கவேண்டும். சிக்கல் என்னவென்றால், நடுவில் நின்ற கதவு மோட்டாரின் அறை இருவரையும் ஒருவருக்கொருவர் மறைத்தது. க்ளோவிஸின் வயர்லெஸ் நனைந்து செத்துவிட்டது. இரண்டு இன்ஜின்களும் அலறும்போது யார் குரல் யாருக்குக் கேட்கும்?

எல்லோரும் ஒடீலைப் பார்த்தார்கள்.

கதவுக்கு மேலே குறுக்கே போகும் நடைபாலத்தில் அவள் ஏறினாள். நோரீன் பின்னாலேயே ஏறி அவள் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள்.

"என்னடி பண்றே?"

"நீ விழுந்து செத்தா அந்த ஆளை மறுபடியும் என் தலையில கட்டிடுவாங்க. ஆடாம நில்லு."

கயிற்றின் மறுமுனையைக் கரையில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பிடித்துக்கொண்டோம்.

"க்ளோவிஸ்! லாம்! நான் சொன்னா மட்டும்!" ஒடீலின் குரல் தண்ணீர்மேல் அறைந்து திரும்பியது. "இழு!"

கம்பிகள் விறைத்தன. இரும்பு முனகியது. "நிறுத்து! லாம், நீங்க முந்திட்டீங்க! கொஞ்சம் விடுங்க... க்ளோவிஸ், நீ மட்டும் ஒரு இழுப்பு... போதும்! இப்ப ரெண்டு பேரும்! இழு!" அவள் கழுத்து நரம்புகள் புடைத்ததைக் கரையிலிருந்து பார்த்தேன். தாழ் ஒரு கையளவு எழும்பியது. எங்களையும் அறியாமல் நாங்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்து கத்தினோம். இழு! இழு! நோங்க் அல்சீட் சுத்தியலை ஆட்டிக் கத்தினார். ஹான் தன் மொழியில் கத்தினாள். தாழ் கொக்கியிலிருந்து வெளியே வந்து தொங்கியது.

ஒரு நொடி ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்த நொடி, உள்ளே அடைபட்டிருந்த அவ்வளவு தண்ணீரும் கதவைத் தோளால் இடித்ததுபோல இரண்டு இலைகளும் படாரென்று திறந்தன. நடைபாலம் அதிர்ந்தது. ஒடீல் கால் தடுமாறி விளிம்புக்கு அப்பால் போனாள். கயிறு எங்கள் உள்ளங்கைகளைச் சுட்டுக்கொண்டு ஓடி, நின்றது. கீழே சீறிப் பாயும் பழுப்புத் தண்ணீருக்கு மேல், ஐஸ் மூட்டை மாதிரி அவள் தொங்கினாள்.

"ஒடீல்!"

அந்தக் குரல் யாருடையது என்று எங்களுக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. க்ளோவிஸ். படகிலிருந்து, கட்டுப்போட்ட கையை நீட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தியிருந்தார். "ஒடீல்! கயித்தை விடாதே!"

நாங்கள் இழுத்தோம். நோரீன் நடைபாலத்தில் குப்புறப் படுத்து, கைக்கு அகப்பட்ட இடத்தைப் பிடித்துத் தூக்கினாள். அகப்பட்டது முடி. மேலே வந்து விழுந்ததும் ஒடீல் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்:

"கேட்டியா? அந்த மனுஷனுக்கு எவ்வளவு பெரிய குரல்!"

"எனக்கு இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே," என்றாள் நோரீன், கையில் சிக்கிய முடியை உதறியபடி.

தண்ணீர் அன்று முழுக்கக் கடலை நோக்கி ஓடியது. ஓடையில் கட்டியிருந்த படகுகள் ஆனந்தத்தில் துள்ளும் கன்றுகள் மாதிரி ஆடின. சாயங்காலம் சாலையின் நடுக்கோடு தெரிந்தது. ஒருவன் அதில் முழந்தாளிட்டு முத்தமிட்டான். அதன் பிறகுதான் சேறு என்றால் என்னவென்று பார்த்தோம். படுக்கையறைகளில் மீன் கிடந்தது. என் வீட்டுக்குக் கூரையே இல்லை.

மறுநாள் மேற்கே வேறு ஓடைகளிலிருந்து முன்பின் தெரியாத ஆட்கள் படகும் ரம்பமும் தார்ப்பாயும் தண்ணீரும் கொண்டுவந்து இறங்கினார்கள். "எங்கே இறக்கறது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒடீல் துறை மேடையில் நின்று வழி சொன்னாள். "தார்ப்பாய் பள்ளிக்கூடத்துக்கு! தண்ணி கோயிலுக்கு! நீ யாருப்பா, கை காலியா வந்திருக்கே? அந்த மண்வெட்டியை எடு!" மிஸ்டர் லாம் தன் படகின் ஜெனரேட்டரிலிருந்து துறையின் ஐஸ் இயந்திரத்துக்குக் கம்பி இழுத்தார். முதல் ஐஸ் பொலபொலவென்று சரிந்து விழுந்தபோது, வெயிலில் வெந்துகொண்டிருந்த ஜனம் குழந்தைகள் மாதிரி ஓடிவந்து முகத்தில் அப்பிக்கொண்டது. முதல் கூடை இன்சுலின் மருந்து வைத்திருந்தவர்களுக்குப் போயிற்று, அடுத்தது கைக்குழந்தைக்காரர்களுக்கு.

கரண்ட் இல்லாததால் ஊர் முழுக்க ஃப்ரீசர்கள் உருகிக்கொண்டிருந்தன. இறால், மான்கறி, வாத்து, முதலைக்கறி, எல்லாவற்றையும் வெள்ளக்கரை மேல் கொண்டுவந்து குவித்தோம். மாவைக் கருஞ்சிவப்பாக வறுத்து, கறியும் இறாலும் சேர்த்துக் கொதிக்கவிடும் எங்கள் ஊர்க் குழம்பு கம்போ, அதைக் காய்ச்ச ஒரே ஓர் அண்டாதான் கிடைத்தது. அதற்கு இரண்டு சமையல்காரிகள்.

"தக்காளியா? கம்போவுல தக்காளியா போடுவே?" என்று ஒடீல் அலறினாள். "உன்னையெல்லாம் அந்தக் கூரைமேலேயே விட்டுட்டு வந்திருக்கணும்!"

"உன் மாவு கருகுது, அதைக் கிண்டு முதல்ல. வாயை மூடினா கை தானா ஆடும்."

தக்காளி போட்டார்களா இல்லையா என்பது இன்றுவரை தீராத வழக்கு. அண்டாவில் மிச்சமில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

சாலையைச் சரிசெய்துகொண்டு அரசாங்க வண்டிகள் வந்தன. ஓர் அதிகாரி கழன்று தொங்கிய தாழைப் பார்த்துவிட்டு, "இதைத் திறந்தது யார்?" என்று கேட்டார். கரையில் இருந்த அத்தனை பேரும் கை தூக்கினோம். நோங்க் அல்சீட் முன்னால் வந்து, "நான்தான் தம்பி. ஒத்தை ஆளா," என்றார். அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார், சிரித்தார், ஒரு தட்டு கம்போ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்லமாட்டேன். போனவர்களில் பல குடும்பங்கள் திரும்பவில்லை. நோங்க் அல்சீட்டை அவர் மகள் வடக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே எல்லாம் மேடு, பார்க்க ஒன்றுமில்லை என்று போனில் குறைபடுகிறார். எனக்கு ஒரு கூரை கிடைக்க அடுத்த கோடைகாலம் ஆயிற்று. அதுவரை ஒடீல் வீட்டில்தான் இருந்தேன், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினேன். ஒடீலும் நோரீனும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். பேச்சு என்று அவர்கள் சொல்கிறார்கள், கேட்பவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். க்ளோவிஸின் கை முழுதாக மடங்குவதில்லை. வலைக்கு இப்போது ஒடீலும் கூடப் போகிறாள்.

வெள்ளக் கதவில் கையால் சுற்றித் திறக்கும் சக்கரம் ஒன்றைப் புதிதாகப் பொருத்தினார்கள். ஊரிலிருந்தே அதற்கு ஒரு குழு வேண்டும் என்றபோது வேறு பெயரை யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் புயல் பருவம் தொடங்குகிற அன்று ஒடீல் எல்லோரையும் அங்கே திரட்டுகிறாள். இந்த ஜூனிலும் போனோம். மிஸ்டர் லாமும் நானும் சக்கரத்தின் ஒரு பக்கம், நோரீனும் க்ளோவிஸும் மறுபக்கம். மசகு போட்டிருந்ததால் சுலபமாகச் சுற்றியது. கதவு மூடியது, திறந்தது, மறுபடி மூடியது, மறுபடி திறந்தது. தெற்கே கருத்துக்கொண்டு வந்தது. மழை பிடிப்பதற்குள் கருவிகளைக் கழுவி வைத்துவிட்டு, கொண்டுபோன சோற்றைக் கரைமேலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.